பார்த்துக்கொண்டு நிற்கத் தெரியாதவர்

பிள்ளைகளா, போன வாரம் சாப்பிடும்போது நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டை எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பெரிய நாடு இன்னொரு நாட்டுக்குள் படையை இறக்கியதை டி.வி.யில் காட்டினார்கள். மூத்தவள் நீ, "அங்க சனங்களக் கொல்றாங்கப்பா. பலம் இருக்கிறவன் போய்த் தடுக்காம வேற யாரு தடுப்பா?" என்றாய். சின்னவன் நீ, "அடுத்தவன் வீட்டுச் சண்டையில இவனுக்கு என்ன வேலை?" என்றாய். பிறகு இருவரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். நாடுகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் பலமுள்ள ஒரு மனிதரை எனக்குத் தெரியும். உங்கள் மாமாவின் வலது கை முழங்கையில் மடங்காது, இடது கையால்தான் சாப்பாட்டைப் பிசைவார், பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கையை அப்படி ஆக்கியவர் நான் சொல்லும் அந்த மனிதர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு அவரை வெறுக்கக் கூடாது. மாமாவே அவரை வெறுக்கவில்லை.

பெயரைச் சொல்லப் போவதில்லை, அவர் மகள் குடும்பம் இன்னும் ஊரில் இருக்கிறது. பட்டாளத்தார் என்றுதான் ஊரே அவரைச் சொல்லும். நாம் பசுமலைக்குக் குடிவருவதற்கு முன்னால், திருமங்கலம் ரோட்டில் நம் ஊர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். வாசலில் ஒரு பெஞ்சு, உள்ளே அலமாரி மேல் ஒரு ரேடியோ. பெஞ்சின் ரேடியோப் பக்க முனை அவருடையது. பீரங்கிச் சத்தத்தில் அவருக்கு இடது காது போய்விட்டது. அதனால் வலது காதை ரேடியோவுக்குக் கொடுத்துக்கொண்டு, முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்திருப்பார். வேட்டி மேல் பட்டாளத்துப் பெல்ட்டு. தினமும் சவரம் செய்த தாடை. ஆள் அகலம். அவர் உட்கார்ந்தால் பெஞ்சின் மறுமுனை லேசாகத் தூக்கும்.

அவருடைய குணம் ஒன்றே ஒன்றுதான். எங்கே அடிதடி நடந்தாலும் அவரால் சும்மா இருக்க முடியாது. எழுந்திருப்பார், சட்டைக் கையை மடிப்பார், செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைப்பார், வெறுங்காலோடு உள்ளே போவார். ரோட்டில் கூட்டம் கூடியிருக்கும்போது ஓரத்தில் அந்த டயர் செருப்பு கிடந்தால் நமக்குத் தெரிந்துவிடும், அவர் உள்ளே இருக்கிறார் என்று. யாராவது, உங்களுக்கு எதுக்குண்ணே ஊர் வம்பு என்று கேட்டால், ஒரே பதில்தான் வரும்.

"அப்பப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

ஒருமுறை டயர் வாங்க அவரையும் கூட்டிக்கொண்டு திருமங்கலம் போயிருந்தேன். சந்தைக்கு வெளியே ஒரு திருடனை விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பெல்ட்டு, கட்டை, ஒருத்தன் கையில் சைக்கிள் செயின். செயின் பட்ட இடமெல்லாம் தோல் பிய்ந்து தொங்கியது. அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். கத்துவதை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்தில் செருப்பு மட்டும் கிடந்தது. அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், அந்த ஆளைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடி முழுக்க அவர் முதுகில் விழுந்தது. ஒரு கட்டை வாயில் பட்டு முன்பல் இரண்டும் தெறித்தன. அவர் திருப்பி அடிக்கவில்லை, விடவும் இல்லை. அடித்தவர்களுக்கே கை ஓய்ந்துபோனது. போலீஸ் வந்து அந்த ஆளை அவிழ்த்துக் கூட்டிப்போன பிறகுதான் பட்டாளத்தார் தன் மணிக்கட்டைப் பார்த்தார். கட்டிப்பிடித்திருந்த நேரத்தில் திருடன் வாட்சைக் கழற்றியிருக்கிறான்.

வாயில் ரத்தத்தோடு அவர் சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. "உசுரு தப்பிச்சான்ல. மணி பாத்துப் பொழைக்கட்டும், விடு" என்றார். ஓட்டைப் பல்லோடு அந்தக் கதையை வருஷக்கணக்காகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

இன்னொன்று அவ்வளவு சிரிப்பாக முடியவில்லை. அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு சுமை தூக்குகிறவர் குடியிருந்தார். குடித்துவிட்டு வந்தால் பெண்டாட்டியை முடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுப்பார். ஒரு சாயங்காலம் அந்த அம்மாவின் தலையை அம்மிக்கல்லில் மோதப் போனார். பட்டாளத்தார் போய்க் கையைப் பிடித்து முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. அன்றைக்குத் தெருவே அவரைக் கும்பிட்டது, அந்த அம்மாவும்தான். ஆனால் அவர் அதோடு வீட்டுக்குத் திரும்பவில்லை. மறுநாளிலிருந்து தன் நார்க்கட்டிலைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுபடி அடிக்கிறானா என்று பார்க்கவேண்டுமாம். உள்ளே சத்தமாக ஒரு பேச்சு வந்தால் போதும், கதவைத் தட்டுவார். கை முறிந்தவர் மூட்டை தூக்கப் போக முடியவில்லை. அந்த அம்மா சித்தாள் வேலைக்குப் போனார். வாசலில் ஓர் ஆண்பிள்ளை காவலுக்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தெரு வேறு மாதிரி பேசத் தொடங்கியது. ஒரு நாள் அந்த அம்மா சாணிக்கூடையோடு வந்து கட்டில் மேலேயே கொட்டினார்.

"காப்பாத்துனீக, சரி. அதுக்குன்னு எங்க வாசல்லயே குடியிருப்பீகளா? கட்டிலத் தூக்கிட்டுப் போங்க."

பட்டாளத்தார் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "நல்லதுதானடா தம்பி செஞ்சேன்" என்றார். நான் ஆமாம் என்றேன். நல்லதுதான் செய்தார். அந்தத் தலை அன்றைக்கு உடைந்திருக்கும்.

அவர் எழுபத்தொன்று வங்கதேசச் சண்டையில் கிழக்கே போனவர். அந்தக் கதையையும் அடிக்கடி சொல்வார். அங்கே சனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள், எல்லையைத் தாண்டி ஓடிவந்தவர்களைக் கண்ணால் பார்த்தோம், பிறகு போனோம், இரண்டே வாரத்தில் முடித்தோம், வந்தோம் என்பார். லாரி போகிற வழியெல்லாம் பெண்கள் பூவை எறிந்தார்களாம். ஒரு கிழவி இளநீரைச் சீவி அவர் வாயில் வைத்தாளாம். அந்த இளநீரின் ருசியைச் சொல்லும்போது அவருக்கு நாக்கு ஊறும். போனால் முடியும் என்பது அவர் கண்ணால் கண்டது. அதை யாரும் அவரிடம் மாற்றிப் பேச முடியாது.

எண்பத்து மூன்றில் ஆடி மாதம், இலங்கையில் தமிழர்களை வீட்டோடு வைத்து எரிக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது ஊரில் கடைகளை அடைத்தோம். நானும் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ரேடியோவை வைத்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்தார் உட்காரவே இல்லை. "நம்ம பட்டாளம் போகணும். கடலத் தாண்டுனா எம்புட்டுத் தூரம்? ரெண்டு வாரம். முடிச்சிட்டு வந்துரலாம்" என்று நடந்துகொண்டே இருந்தார். எனக்குச் சோறு கொண்டுவந்திருந்த உங்கள் அம்மா, தூக்குவாளியைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"போறது சரிண்ணே. வாரது எப்ப?"

"வேலை முடிஞ்சதும் வாரதுத்தேன்."

"முடிஞ்சிருச்சுன்னு யாரு சொல்லணும்? போனவுகளா, அங்க இருக்கவுகளா?"

அவர் இடது காதைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கேட்க விரும்பாததற்கு அந்தக் காது அவருக்கு உதவும். ஆனால் அம்மா போன பிறகு என்னிடம், "ஒம் பொண்டாட்டி கீழூர்க்காரி. அந்த ஊரு வாயே அப்படித்தேன்" என்றார்.

கீழூர் என்பது நான் இப்போது வைக்கும் பெயர். நம் ஊருக்கு வடக்கே ஒரு கண்மாய். அதன் தண்ணீர் இரண்டு சின்ன ஊர்களுக்குச் சொந்தம். மேற்கே இருப்பதை மேக்கூர் என்றும், கிழக்கே வாய்க்காலின் கடைசியில் இருப்பதைக் கீழூர் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேண்டாம், இரண்டிலும் நமக்குச் சொந்தங்கள் இருக்கிறார்கள். அம்மா பிறந்தது கீழூர். பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்தது மேக்கூர். நம் ஊர் பெரிய ஊர், ரோட்டோர ஊர். நமக்கு அந்தக் கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் பாத்தியம் கிடையாது.

மழை குறைந்த வருஷமெல்லாம் தை மாதத்தில் மடையில் அடித்துக்கொள்வார்கள். கம்பு, கல், மண்வெட்டி. மண்டை உடையும். ஆனால் அந்தச் சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. மூன்றாம் நாள் காலையில் மேக்கூரில் வாழ்க்கைப்பட்ட கீழூர்ப் பெண்களும், கீழூரில் வாழ்க்கைப்பட்ட மேக்கூர்ப் பெண்களும் கம்பங்கூழ்ப் பானையோடு கரைக்கு வந்து நிற்பார்கள். கூடப் பிறந்தவள் நடுவில் நிற்கும்போது எவனும் கம்பை ஓங்கக் கூடாது. அதிகமாக அடித்த பக்கம் எதுவோ, அந்தப் பக்கத்தான் முதலில் வந்து எதிர்ப்பக்கத்துப் பெண்ணின் பானையிலிருந்து ஏந்திக் குடிக்கவேண்டும். குடித்தால் முடிந்தது. பிறகு இரண்டு ஊரிலும் தண்ணீர் பங்கிடுகிற நீர்க்காரர்கள் உட்கார்ந்து முறை பேசுவார்கள். யாரும் எழுதி வைத்ததில்லை. உங்கள் அம்மாவும் கல்யாணமான வருஷம் தன் அக்காவுக்காக அப்படிப் போய் நின்றிருக்கிறாள்.

எண்பத்தேழில் நம் ராணுவம் இலங்கைக்குப் போனது. பட்டாளத்தார் கடலை மிட்டாய் வாங்கி பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அங்கேயும் முதலில் மாலை போட்டார்கள் என்று செய்தி வந்தது. "சொன்னேன்ல?" என்று என் தோளில் அடித்தார், ஒரு நாள் முழுக்க வலித்தது. தீபாவளிக்கு முன்னாலேயே செய்தி மாறிப்போனது. யாரைக் காப்பாற்றப் போனார்களோ அந்தப் பக்கத்துப் பையன்களோடேயே சண்டை. இந்தப் பக்கம் சாவு, அந்தப் பக்கம் சாவு, நடுவில் இருந்த சனங்கள் சாவு. அவர் காதை ரேடியோவில் ஒட்டிவைத்துக்கொண்டு, "இது எப்படி? இது எப்படி?" என்றே கேட்டுக்கொண்டிருப்பார். என்னிடம் கேட்கிறாரா, ரேடியோவிடம் கேட்கிறாரா என்று தெரியாது.

அந்த வருஷம் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. தை பிறந்து கொஞ்ச நாளில் உங்கள் மாமா நெற்றியிலிருந்து ரத்தம் வழியக் கடைக்கு ஓடி வந்தார். அப்போது அவருக்குக் கல்யாணமாகவில்லை, வெடவெடவென்று இருப்பார். மேக்கூர்க்காரர்கள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து வாய்க்காலை அடைத்துவிட்டார்கள், கேட்கப் போன பெரியவர் ஒருவரின் மண்டையைக் கல்லால் பிளந்துவிட்டார்கள், வைக்கோல்படப்புக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்று மூச்சுவாங்கச் சொன்னார். நான் கைத்துண்டால் நெற்றியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே மாமா என்னைத் தாண்டிப் பெஞ்சைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க வந்தாத்தேன் அடங்குவாங்க. எங்களால முடியல."

பட்டாளத்தார் சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்தார்.

நம் ஊரிலிருந்து இருபது பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு போனார். மேக்கூர்க்காரர்கள் அடித்துப் பார்த்தார்கள், முடியவில்லை, பின்வாங்கினார்கள். அன்று சாயங்காலம் கீழூரில் அவருக்கு மாலை போட்டார்கள். மாலையை அவர் கழுத்தில் போட்டது மாமாதான். கோழி அடித்துச் சோறு போட்டார்கள். மடையில் ஓர் இரும்பு ஷட்டர், அதைத் திருகித் தூக்குவதற்கு டி எழுத்து மாதிரி ஒரு சாவி உண்டு. எப்போதும் கரைமேல் கல்தூணில் ஓர் ஆணியில் தொங்கும். அதை அவர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு ஊர் கையிலும் இருக்கக் கூடாது, பொதுவான இடத்தில் இருக்கட்டும் என்று என் கடையில் சைக்கிள் ரிம்களுக்கு நடுவே மாட்டினார். நாள் முழுக்கக் கரையில் நம் ஊர் ஆட்கள் காவல். கரைமேல் இரண்டு ஊர்க்காரர்களும் கால் வைக்கக் கூடாது. நாலு மணி நேரம் மேக்கூருக்கு, நாலு மணி நேரம் கீழூருக்கு என்று புது வாட்சைப் பார்த்து அவரே திறப்பார், அவரே மாற்றுவார்.

உங்கள் அம்மா இரண்டாம் நாள் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, நாளைக்குப் பொம்பளைக கூழோட வருவோம். கரையில எங்கள விட்ருங்க. நீங்க தள்ளி நின்னாப் போதும், மத்தத அவுகளே பேசிக்கிருவாக."

"கல்லும் கம்பும் பறக்குற எடத்துக்குப் பொம்பளைகள விட்டுட்டு, என்னையப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியாத்தா?"

"வருசா வருசம் நிக்கிறோம்ண்ணே. ஒருத்தி மேலயும் கல்லு விழுந்ததில்ல."

"இந்த வருசம் விழுந்துச்சுன்னா?"

விழாது என்று அவளுக்குத் தெரியும், அதை நிரூபித்துக் காட்ட ஒன்றும் இல்லை. "நீங்க நல்லவுகண்ணே. அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பெண்கள் வந்தார்கள். மேற்கிலிருந்து பெரியம்மா, கிழக்கிலிருந்து அம்மா, பின்னால் இருபக்கமும் முப்பது நாற்பது பேர். கரையடியில் நம் ஊர் ஆட்கள் கம்பைக் குறுக்கே பிடித்து மறித்தார்கள். பட்டாளத்தார் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் பேசினார், தாயிகளா திரும்பிப் போங்க என்று. பெரியம்மா கேட்கவில்லை, கம்புக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். காவலுக்கு நின்ற ஒருத்தன் தோளைப் பிடித்துத் தள்ளினான். பானை கீழே விழுந்து உடைந்தது. கூழ் கரைச்சரிவில் மெதுவாக இறங்கி, மண்ணோடு கலந்து நின்றுபோனது. இரண்டு ஊர் ஆண்களும் அவரவர் வரப்பில் நின்று அதைப் பார்த்தார்கள். கல் ஒன்றும் பறக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. பட்டாளத்தார் அதை அமைதி என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கெட்டது. காவலுக்கு நின்றவர்களுக்குக் கீழூர்தான் சோறு போடவேண்டும். கோழி போனது, ஆடு போனது. பீடிக்கு, சாராயத்துக்கு என்று கேட்கத் தொடங்கினார்கள். தண்ணீர் எடுக்கப் போன ஒரு பெண்ணின் கையை ஒருத்தன் பிடித்தான். பட்டாளத்தார் அவனைக் கன்னம் வீங்க அறைந்தார், ஆனால் ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. ஆள் குறைந்தால் மேக்கூரான் பாய்வான் என்றார். எல்லாவற்றையும்விடக் கெட்டது அந்த வாட்சு. காய்ந்துகிடக்கும் வாய்க்கால் கடைசி வயல் வரை நனைவதற்கே மூன்று மணி நேரம் ஆகும். கீழூருக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்கும்போது முறை முடிந்துவிடும். பழைய முறையில் அதனால்தான் கீழூருக்கு முழுசாக ஒரு பகலோ ஓர் இரவோ விடுவார்கள். சொல்லிப் பார்த்தார்கள். "ரெண்டு பேருக்கும் சமமாத்தான விடுறேன், இதுல என்ன தப்பு?" என்றார். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கீழூர்ப் பயிர் வெளுக்கத் தொடங்கியது. அவரைக் கூப்பிட்ட ஊர் அது.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம், மாமாவும் இன்னும் சில பையன்களும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனார்கள். சாவி இல்லாமல் ஷட்டரை நெம்பித் தூக்கப் பார்த்திருக்கிறார்கள். செய்தி கேட்டு நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். கரையேறும் இடத்தில் டயர் செருப்பு ஜோடியாக இருந்தது.

நான் மேலே ஏறும்போது மாமா குனிந்து நெம்பிக்கொண்டிருந்தார். பட்டாளத்தார் மூன்று தடவை விடச்சொன்னார். மாமா நிமிர்ந்து பார்த்து, "எங்க மடை. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார், அவ்வளவுதான். பட்டாளத்தாரின் கம்பு இறங்கியது. முழங்கை தலைகீழாக மடங்கியதை நான் பார்த்தேன். தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெள்ளையாக வெளியே வந்தது. மாமா கத்தவில்லை, தன் கையையே யாருடையதோ மாதிரி பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

பிறகு கீழூரிலிருந்து அரிவாளோடு வந்தார்கள். நம் ஊர் ஆட்களில் பாதிப்பேர் ஓடினார்கள். நின்ற ஒருத்தருக்குக் கழுத்தில் வெட்டு. என் கடையில் தினமும் சைக்கிள் எடுத்து மில் வேலைக்குப் போகிறவர், எனக்குப் பக்கத்தில்தான் விழுந்தார். வாயைத் திறந்து திறந்து மூடினார், காற்று வேறு வழியில் போனது. கீழூர்ப் பையன் ஒருத்தன் வயிற்றில் குத்துப்பட்டு மடைக்குள்ளேயே விழுந்தான். பட்டாளத்தாருக்குத் தலையில் வெட்டு. ரத்தம் கண்ணை மறைக்க, கையை விரித்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் நடுவே நின்று, "போதும்டா, போதும்டா" என்று சுற்றிச் சுற்றி வந்தார். யார் யாரை அடிப்பதைத் தடுக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. எதிர்க்கரையில் மேக்கூர்க்காரர்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு வார்டில் மாமா, இன்னொரு வார்டில் போலீஸ் காவலோடு அவர். கைக்குக் கட்டுப் போட்டிருந்த மாமா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "நாந்தேன் மச்சான் அவரக் கூப்பிட்டேன். மால போட்ட கையில்ல இது?" அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்து அவர் வார்டுக்குப் போனேன். அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை, சொல்லிவிட்டுத்தான் போனேன். தலைக்கட்டோடு அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான், அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். கிழக்கே ஜெயித்த பிறகு, ஒரு மைதானத்தில், எதிரிக்கு ஆள்காட்டியவன் என்று ஒருத்தனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்களாம். இவர்களுக்குப் பூப் போட்ட அதே சனங்கள். காலாலும் கட்டையாலும் அடித்தே கொன்றார்களாம்.

"கையில துப்பாக்கி இருக்கு தம்பி. உத்தரவு இல்ல. நின்னோம். அவன் அம்புட்டுக் கூட்டத்துல என்னையத்தேன் பாத்தான். கத்துறத நிப்பாட்டுற வரைக்கும் என்னையவேதேன் பாத்தான்." தலைக்கட்டைத் தொட்டுக்கொண்டே, "அன்னையிலருந்து என்னால நிக்க முடியல" என்றார்.

ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். உரித்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கேஸ் நடந்தது, உள்ளே இருந்தார், வெளியே வந்தார். பெஞ்சின் அதே முனையில் உட்கார்ந்தார், ஆனால் முகத்தை ரோட்டுப் பக்கம் வைப்பதை விட்டுவிட்டார். மடைச் சாவி கடையில் அப்படியே தொங்கியது. வெட்டுக்குத்துக்குப் பிறகு கண்மாயில் போலீஸ் காவல். அதிகாரிகள் வேறு ஒரு சாவியைக் கொண்டுவந்து திறந்துவிட்டுக் கையோடு எடுத்துப் போய்விடுவார்கள். நான் ஒருமுறை, அதைக் கொடுத்துவிடலாமே என்றதற்கு, "குடுத்தா மறுபடி அடிச்சுக்குவாங்க. அங்கனயே இருக்கட்டும்" என்றார்.

இன்னொரு நாளையும் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. கடைக்கு எதிரிலேயே லாரிக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கிளீனர் பையனைப் போட்டு அடித்தார்கள். ஜாக்கிக் கம்பியால் அடித்தார்கள். பட்டாளத்தாரின் விரல்கள் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கின. ஒரு மடிப்பு மடித்தார். பிறகு அதை மெதுவாக இறக்கிவிட்டு, பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். பெஞ்சு ஆடியது. நாங்கள் நாலைந்து பேர் ஓடிப்போய் விலக்குவதற்குள் பையனுக்கு ஒரு கண் போய்விட்டது. அவர் போயிருந்தால் போயிருக்காது. அதுவும் உண்மைதான். திரும்பி வந்து பார்த்தபோது செருப்பு அவர் காலிலேயே இருந்தது. தாடையில் கண்ணீர் வழிந்து சட்டைக் காலரை நனைத்திருந்தது.

எண்பத்தொன்பது கடைசியில், ராணுவம் இலங்கையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். செய்தி முடிந்து வேறு நிகழ்ச்சி வந்த பிறகும் அவர் காதை எடுக்கவில்லை.

"வாராங்களா தம்பி?"

"வாராங்களாம்ண்ணே."

"எறங்குற எடத்துல யாரும் மால போட்டாங்களாமா?"

"அதெல்லாம் சொல்லலண்ணே."

தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து போகும்போது, உள்ளே ரிம்களுக்கு நடுவே பார்த்து, "அது இன்னும் இங்கனத்தேன் தொங்குதா?" என்று கேட்டார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் ரோட்டைக் கடந்து போனார். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வந்தது குறைவு. மறுவருஷமே படுத்தார், எழுந்திருக்கவில்லை. கட்டையான கையோடு உங்கள் மாமா வந்து அவர் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

பிள்ளைகளா, போவது தப்பா சரியா என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் என்னிடம் இருப்பது. போகாமல் இருந்ததில் ஒரு கண் போனதைப் பார்த்திருக்கிறேன். போனதில் இரண்டு உயிர் போனதையும் பார்த்திருக்கிறேன். அடி விழும்போது குறுக்கே விழுந்து தடுப்பது வேறு. அடி நின்ற பிறகும் அடுத்தவன் வாசலில் கட்டில் போட்டு உட்காருவது வேறு. முதலாவதற்கு அவரைப் போல ஓர் ஆள் ஊருக்கு வேண்டும். இரண்டாவது அவரைப் போன்ற நல்லவரையே கெடுத்துவிட்டது. சண்டை போடுகிறவர்களுக்கும் அதை முடிக்க ஒரு வழி தெரிந்திருக்கும், அது நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். கூழ்ப்பானையை அவர் உள்ளே விட்டிருக்கவேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நாடுகளுக்கு இது பொருந்துமா என்று படித்த நீங்கள்தான் சொல்லவேண்டும்.

மடைச் சாவி இன்னும் தொங்குதா என்று அவர் கேட்டுவிட்டுப் போனதற்கு மறுநாள், விடிந்ததும், அந்தச் சாவியை ஆணியிலிருந்து எடுத்தேன். துருவை உப்புத்தாளால் தேய்த்தேன். கேரியரில் கட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். கரையில் யாரும் இல்லை, போலீஸ் காவலையும் எடுத்துவிட்டிருந்தார்கள். கடையிலிருந்து கொண்டுபோன கிரீஸை ஷட்டர் திருகில் தடவி, சாவியைப் போட்டுச் சும்மா ஒரு சுற்று முன்னும் பின்னும் திருகிப் பார்த்தேன், இலகுவாக ஓடியது. பிறகு கல்தூணில் பழைய ஆணியிலேயே அதை மாட்டினேன். யாராவது எடுத்துப் போய்விடக் கூடாதே என்று ஒரு சைக்கிள் செயினும் பூட்டும் கொண்டுபோயிருந்தேன். செயினைத் தூணைச் சுற்றிப் போட்டும்விட்டேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு செயினை உருவிச் சுருட்டி, பூட்டோடு பைக்குள் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி கரையை விட்டு இறங்கினேன்.